யானைப் பயணத்துக்கு ஆறு பனியன்

வீரபாண்டி, திருப்பூர்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் கண்ணு மைதிலிக்கு அப்பா எழுதுவது. சிவன்மலை முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அம்மாவுக்குப் படி ஏறும்போது மட்டும்தான் முழங்கால் வலி, இறங்கும்போது இல்லையாம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் முகிலனும் அனுவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடம்பைப் பற்றி இவ்வளவுதான் சேதி. மனசு நன்றாக இல்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிற ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று கேட்பாய். போனில் பேசினால் பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் உன் மாமனார் முதல் ஆளாகப் படித்துவிட்டுக் கும்பிடுகிற கையை அனுப்பி வைக்கிறார், அந்த மனுஷன் தூங்குவாரா மாட்டாரா என்றே தெரியவில்லை. நம் மேற்குத் தெரு ராஜ்கமல் லீவு முடிந்து உங்கள் ஊருக்குத் திரும்புகிறான், குழந்தைகளுடைய பனியன் பொட்டலத்துக்குள் வைத்து அவனிடம் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருக்கும்போது படி கண்ணு, மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டியதை மட்டும் காட்டு.

இங்கே சேதி ஒன்றும் பெரிதாக இல்லை. சாக்கடை போடுகிறேன் என்று நம் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை, நம் பனியன் கம்பெனிக்குத் துணி இறக்க வருகிற வண்டி முனையிலேயே நின்றுவிடுகிறது, ரோல் ரோலாகத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறோம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போன பீகார் டெய்லர்கள் பாதிப் பேர்தான் திரும்பியிருக்கிறார்கள், இருக்கிற ஆளை வைத்து ஷிப்மென்ட் முடித்தாயிற்று. பெரியம்மா பேரன் கல்யாணம் தை மாதம் நிச்சயமாகியிருக்கிறது. இதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள், நான் விஷயத்துக்கு வருகிறேன். புது வருஷம் பிறந்ததும் நீங்கள் ஆறு நாள் காரில் மலை சுற்றப் போகிற பயணத்துக்கு உன் மாமனார் செந்தில்வேல் வரைபடம் போட்டுக் குழுவில் அனுப்பியிருக்கிறாரே, அதை நானும் பார்த்தேன். ஒரு தடவை பார்த்தேனா, ஒரு நூறு தடவை பார்த்தேன். தாராபுரத்தில் புறப்பட்டு உடுமலை, அமராவதி அணை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு, அங்கிருந்து இறங்கி அதிரப்பள்ளி அருவி, அப்புறம் மலக்கப்பாறைக் காட்டு ரோட்டில் ஏறி வால்பாறை, கடைசியில் ஆழியாறு இறங்கிப் பொள்ளாச்சி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கலர் கோடு. டீ குடிக்கிற இடத்துக்குக்கூட ஒரு கப் படம் போட்டிருக்கிறார். தென்னந்தோப்புக்குத் தண்ணீர் கட்டுகிற மனுஷனுக்கு இந்த வேலையெல்லாம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோடு எல்லா ஊரையும் வளைத்து வளைத்துத் தொடுகிறது, திருப்பூர்ப் பக்கம் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதையும் கவனித்தேன்.

எனக்குப் பொறாமைதான் அம்மிணி. சுற்றி வளைப்பானேன். வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது. போன தடவை நீங்கள் வந்தபோது அவர்களோடு ஒரே ஒரு நாள் கொடைக்கானல் போய்வந்தீர்கள். அப்போது எடுத்த போட்டோ ஒன்றைச் சம்பந்தி குழுவில் போட்டார். மலை இறங்குகிற வண்டியில் அனு அவர் மடியில் படுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், அவர் அசையாமல் உட்கார்ந்து போட்டோவைப் பார்த்துச் சிரிக்கிறார். ரெண்டு வருஷமாக அந்தச் சிரிப்பு எனக்குள்ளே நெருஞ்சி முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. நம் வீட்டில் அந்தப் பிள்ளை ஓடுவாள், குதிப்பாள், மிசின் சந்தில் ஒளிவாள், என் மடியில் அரை நிமிஷம் உட்கார்ந்ததில்லை. வளைவு வளைவாகப் போகிற வண்டியில்தான் குழந்தைகள் மடியில் சாயும். இப்போது அவளுக்கு ஆறு வயது. அடுத்த தடவை நீங்கள் வரும்போது எட்டு, அப்புறம் யார் மடியிலும் சாயமாட்டாள். முகிலன் இப்போதே போனில் என்னிடம் பெரிய மனுஷன் மாதிரி பேசுகிறான். இந்த ஆறு நாள்தான் எனக்கு இருக்கிறது, அதுவும் என் கையைவிட்டுப் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று உனக்கே தெரியாது, அதனால் சொல்கிறேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீடியோவில் பேசினோமே, அன்றைக்கு மாப்பிள்ளை பயணத்தைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, மாமா நீங்களும் அத்தையும் வாங்க, வண்டியில எடம் இருக்குது என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் வாயில் என்ன வந்தது? இருக்கட்டுங்க மாப்பிள்ளை, நீங்க போயிட்டு வாங்க, எங்களுக்கென்னங்க என்று சொன்னேன். அவர் சரிங்க மாமா என்றார். அவ்வளவுதான், அடுத்து அணையில் படகு ஓடுமா ஓடாதா என்று பேச்சு மாறிவிட்டது. நான் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், இப்போது மறுபடியும் கூப்பிடுவார், இப்போது கூப்பிடுவார் என்று. நீயாவது கூப்பிடுவாய் என்று பார்த்தேன். நீ அனுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாய். முதல் தடவை கூப்பிட்டதும் ஆகட்டும் என்று கிளம்புகிற பழக்கம் நம் பக்கத்தில் யாருக்கு இருக்கிறது சொல்? ஒரு வீட்டுக்குப் போனால் காப்பி குடிங்க என்பார்கள், இப்பத்தானுங்க குடிச்சுட்டு வந்தேன் என்போம், அவர்கள் அதைக் காதிலேயே வாங்காமல் டம்ளரைக் கையில் கொடுப்பார்கள், நாமும் குடிப்போம். கல்யாணத்தில் சாப்பிட்டுப் போங்க என்றால் இருக்கட்டுங்க என்போம், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைப்பார்கள். அதிலும் நான் பெண்ணைக் கொடுத்தவன், மாப்பிள்ளை வீட்டு வண்டியில் கூப்பிட்ட உடனே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? மாப்பிள்ளை பத்து வருஷமாக அந்த ஊரில் இருக்கிறார், அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தானாம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. சம்பந்திமேல் அதைவிடக் கோபம். அவர் தாராபுரத்துக்காரர், அவருக்குத் தெரியாதா இந்த வழக்கம்? அவரும்தான் அந்த வீடியோவில் ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார். அதெல்லாம் முடியாதுங் சம்பந்தி, நீங்க வந்தே ஆகோணும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் சீட்டு என்னிடம் இருந்திருக்கும். வாயைத் திறக்கவில்லை மனுஷன்.

உன் அம்மாவிடம் புலம்பினால் அவள் என்னையே திட்டுகிறாள். ஏனுங்க, வேணுமுன்னா வேணுமுன்னு சொல்லோணும், அவங்க என்ன சோசியமா பாப்பாங்க, எனக்கு வளைவு ஏறுனா கொடலே வெளிய வந்துரும், நான் வரலீங்க, நீங்க போகோணுமுன்னா வாயத் தொறந்து கேளுங்க என்கிறாள். எப்படிக் கேட்பது? அதற்குள் உன்னிடமிருந்து சேதி வந்தது, அப்பா பயணத்துக்கு எல்லாரும் ஒரே மாதிரி போட்டுக்கொள்ள ஆறு டீ-ஷர்ட் தைத்துத் தர முடியுமா, பச்சைக் கலர், நெஞ்சில் யானை, முகிலன் இதற்கு யானைப் பயணம் என்று பேர் வைத்திருக்கிறான் என்று. கூடவே ஆறு பேருடைய அளவு. எண்ணிப் பார்த்தேன், நீங்கள் நாலு பேர், சம்பந்தி, சம்பந்தியம்மா, மறுபடியும் எண்ணிப் பார்த்தேன், ஆறுதான். போகிறவர்களுக்கெல்லாம் பனியன் தைப்பது போகாதவன் வேலையா கண்ணு? கல்யாண வீட்டில் வாசலில் நின்று செருப்புக்குக் காவல் இருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. இருந்தாலும் பேரப்பிள்ளைகள் போடுவது, நல்ல நூல் துணியாக எடுத்துச் சாயம் போட்டு வாங்கி, யானையைக் குட்டியோடு சேர்த்துப் பிரிண்ட் அடித்து, முகிலனுக்குக் கழுத்துப் பட்டை உறுத்தினால் அழுவான் என்று உள்பக்கம் டேப் வைத்து, அனுவுக்குக் கொஞ்சம் வளர்த்தி விட்டு வெட்டச் சொன்னேன். சம்பந்தி அளவு வந்தபோதுதான் எனக்குள்ளே சனி புகுந்தான். அவருக்கு டபுள் எக்ஸெல் என்று எழுதியிருந்தாய். ரெண்டு சைஸ் குறைத்து வெட்டு என்று கட்டிங் மாஸ்டர் செல்வக்குமாரிடம் சொன்னேன். அளவு வேறயா இருக்குதுங்களே மொதலாளி என்றான். நிட் துணிதானே, இழுத்துக் குடுக்கும், வெட்டு என்றேன். தப்புத்தான். ஆனால் வெட்டும்போது மனசுக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது. மூணாற்றில் எல்லாரும் வரிசையாக நின்று போட்டோ எடுக்கும்போது அவர் மட்டும் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கட்டும் என்று நினைத்தேன்.

நான் நினைத்தது மூணாற்றில், நடந்தது நம் கம்பெனியில். போன வியாழக்கிழமை சம்பந்தி இளநீர் ஒரு மூட்டையும் முருங்கைக்காய் ஒரு கட்டும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தெரு முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு அந்த மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். பனியன் தயாராயிடுச்சுங்களா, ஒரு வாட்டி போட்டுப் பாத்தர்றனே என்றார். அப்புறம் பாத்துக்கலாமுங்க, மொதல்ல காப்பி குடிங்க என்று நான் இழுக்கிறேன், செக்கிங்கில் இருக்கிற நதியா ஓடிப் போய் அவருடையதையே எடுத்து நீட்டிவிட்டாள். ஆபீஸ் ரூமுக்குள் போனார். அப்புறம் சம்பந்தி, சம்பந்தி என்று ஒரு குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ரெண்டு கையும் மேலே, தலை பனியனுக்குள்ளே, தொப்பை வெளியே, மேலேயும் ஏறாது கீழேயும் இறங்காது. கதவைச் சாத்த மறந்துவிட்டேன், டெய்லர்கள் மிசினை நிறுத்திவிட்டு இந்தியில் என்னவோ சொல்லிச் சிரிக்கிறார்கள், நதியா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நிற்கிறாள். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டுதான் வந்தது. அப்போது உள்ளேயிருந்து அவர் கேட்டார், ஏனுங் சம்பந்தி, நான் அத்தன குண்டாயிட்டனுங்களா, புள்ளைங்களோட மலை ஏறி எறங்க முடியுமுங்களா என்று. என் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. துணி சுருங்கிடுச்சுங்க, உங்க மேல தப்பில்லைங்க என்று சொல்லிக் கத்திரியை எடுத்து நெஞ்சுப் பக்கமாக வெட்டி அவரை வெளியே எடுத்தேன். யானை நடுவில் ரெண்டாகப் போய்விட்டது.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் அவராகவே ஆரம்பித்தார், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க, அன்னைக்கு எம்பையன் எளங்கோ கூப்புட்டப்ப நீங்க இருக்கட்டுங்கன்னு சொன்னீங்க, இன்னொரு வாட்டி கூப்புடோணும்னு எனக்குத் தெரியாமயாங்க, வாய் வரலைங்க, புள்ளைங்க ஊருக்கு வந்தா உங்க கம்பெனிதான், கட்பீஸ் குமிச்சு வெச்ச எடத்துல குதிக்கறதுதான், எங்க தோட்டத்துக்கு வந்தா ரெண்டாம் நாளே அப்புச்சி ஊட்டுக்கு எப்பப் போறோம்னு கேக்குதுங்க, அனு என்னையவே அப்புச்சின்னு கூப்புட்டுட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டு அப்பாருன்னு மாத்துது, நீங்க வண்டியில இருந்தா எம்பக்கத்துல ஒரு புள்ள உக்காராதுங்க, அதனாலதானுங்க கம்முனு இருந்துட்டேன் என்றார். போனை எடுத்துக் காட்டினார். கொடைக்கானல் போட்டோதான், ரெண்டு வருஷமாக அதைத்தான் முகப்பில் வைத்திருக்கிறார். அது ஒண்ணுதானுங்க எனக்கு என்றார். நான் யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேனோ அந்த மனுஷன் அங்கே என்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறார். இதைக் கேட்டதும் உன் அப்பாவுக்கு மனசு இளகிப் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. முதலில் குளுகுளுவென்று இருந்தது, அம்மாவுடைய அப்பாவுக்குத்தானே அப்புச்சி, என் பேத்தி அப்பாவுடைய அப்பாவையே அப்படிக் கூப்பிட்டாளாமே என்று. ரெண்டாவது வாய் காப்பி இறங்குவதற்குள் மறுபடி எரிய ஆரம்பித்துவிட்டது. ஒன்றாவது அவரிடம் இருக்கிறது, என்னிடம் அதுகூட இல்லையே.

கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே என் கையைப் பிடித்தார். இப்பக் கூப்பிடறனுங் சம்பந்தி, நீங்களும் வாங்க, மூட்டை முடிச்செல்லாம் வண்டி மேல கட்டிக்கலாம், ஒரு சீட்டு காலியாத்தான் இருக்குது என்றார். சத்தியமாகச் சொல்கிறேன் கண்ணு, ஆகட்டுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருக்கட்டுங்க சம்பந்தி, நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க என்று வந்துவிட்டது. அறுபத்து மூன்று வருஷப் பழக்கம், நாக்கு என்னைக் கேட்கவே இல்லை. அவரும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரிங்க, உங்களுக்கும் கம்பெனி வேலை இருக்கும் என்று சொல்லிச் சேற்றில் இறங்கி நடந்துவிட்டார். பின்னால் நின்ற உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை, சாப்பாட்டை வைத்துவிட்டு, இருக்கட்டுங்களா போடட்டுங்களா என்று குத்திக் காட்டுகிறாள்.

சம்பந்திக்கு அவர் அளவிலேயே தாராளமாக வேறு பனியன் வெட்டித் தைத்தாயிற்று, அவர் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிடுகிறேன், சைஸ் சமாச்சாரம் உன்னோடு இருக்கட்டும். பயணத்துக்கு நான் சொல்வதையும் கேட்டுக்கொள். முகிலன் வண்டியில் போனைப் பார்த்தால் வாந்தி எடுப்பான், அவனை முன்பக்கம் பார்த்து உட்கார வை, எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். மூணாற்றில் அந்த மாதம் குளிரில் பல் கிட்டிப் போகும், ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைக்காதே. மலக்கப்பாறை ரோட்டை வெளிச்சத்திலேயே தாண்டிவிட வேண்டும், யானை நின்றால் வண்டியை நிறுத்திக் கம்மென்று இருக்க வேண்டும், முகிலன் கத்தப் போகிறான், முன்கூட்டியே சொல்லி வை. வால்பாறையில் புல்லுக்குள் இறங்கினால் அட்டை ஏறும், பயப்பட வேண்டாம், உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள். ஆழியாற்றில் குரங்குக்குப் பயந்து ஜன்னலை ஏற்றிக்கொள்ளுங்கள். அனு ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பாள், கொஞ்ச நேரத்தில் அவளே இந்தப் பக்கம் சாய்ந்துவிடுவாள். சாய்கிற அந்தப் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

நீங்கள் நாலு பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு உத்தியோகத்தில் மேன்மை வர வேண்டும், பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், முருகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான். அம்மாவின் ஆசீர்வாதமும் இதோடு வருகிறது. ஒன்றை மட்டும் ஞாபகமாக மாப்பிள்ளையிடமும் சம்பந்தியிடமும் சொல்லிவிடு. என்னை மறுபடியும் யாரும் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் என் வாய் மறுபடியும் அதையேதான் சொல்லும், அதை இனிமேல் நான் நம்பமாட்டேன். அதனால் கூப்பிடாதீர்கள், வண்டி கிளம்புகிற அன்றைக்கு விடியற்காலையில் தாராபுரத்தில் சம்பந்தி வீட்டு வாசலுக்கு நானே வந்து நிற்பேன். கதவைத் திறந்து வை. எனக்குக் கடைசி சீட்டு போதும், அனுவை நடுவில் உட்கார வையுங்கள், அந்தப் பக்கம் சம்பந்தி, இந்தப் பக்கம் நான். வளைவு அவளை எந்தப் பக்கம் சாய்க்கிறதோ, அது அவர் பாடு, என் பாடு.

கூப்பிடாமலே வருகிற
உன் அப்பா,
மருதாசலம்.